மாத்திரை எழுதாத டாக்டரம்மா

ஜூன் 3, செவ்வாய்

மாலையில் இரண்டே பேர். இருவருக்கும் சாதாரணச் சளி. கிளம்பும்போது இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார் குடுப்பாரே அந்த மாத்திரை, அது இல்லீங்களா?"

சார் என்றால் என் கணவர். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவுக்கே வைத்தியம் பார்த்தவர். போன நவம்பரில் ஒரு காலை, பாதி சவரம் செய்த முகத்தோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் பெரிய ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளோடு காலம் தள்ளியவள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. பாடப்புத்தகங்களைத் தூசி தட்டிப் படித்துவிட்டு ஏப்ரலில் கிளினிக் கதவைத் திறந்தேன். நானும் மருத்துவம் படித்தவள்தான் என்பதில் சிலருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. என்னிடமே வந்து, "டாக்டர் எப்ப வருவாங்க?" என்கிறார்கள்.

அவருடைய நாற்காலி எனக்கு உயரம். கால் தரையில் படுவதில்லை. திருகி இறக்கிக்கொள்ளலாம். இறக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பக்கத்து மருந்துக்கடைக்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். வியாபாரக் கவலை.

"டாக்டரம்மா, நீங்க காய்ச்சல் மாத்திரையும் வெந்நீரும்தான் எழுதறீங்க. வெந்நீர் என் கடையில கிடைக்காதே!"

சிரித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் மனிதர். "நீங்க கவலைப்படாதீங்க. வெளிய வந்து என்கிட்ட கேக்கறாங்க, நானே ஆன்டிபயாட்டிக் எடுத்துக் குடுத்துடறேன். ரெண்டு வேளைக்கு மட்டும்" என்றார். ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற முகம்.

ரெண்டு வேளை! கிருமியைக் கொல்லவும் போதாது, சும்மா விடவும் மாட்டேன் என்கிற அளவு. தடியால் தட்டி எழுப்பிவிட்டு ஓடி வருகிற மாதிரி. அதுவும் இவர்களுக்கு இருப்பது வைரஸ் சளி. இந்த மாத்திரைக்கும் வைரஸுக்கும் எந்த உறவும் கிடையாது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் கணவரிடம். சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு இருந்த ஒரே சண்டை இதுதான். மாமியாரைப் பற்றிக்கூட நாங்கள் சண்டை போட்டதில்லை.

"உன் லேப் தட்டுல இருக்கிற கிருமி அழாது" என்பார். "என் முன்னாடி உக்காந்திருக்கிறவ அழுவா. நாளைக்கு வேலைக்குப் போகணும்னு சொல்லுவா. காத்திருந்து பாருங்கம்மான்னு நான் எப்படிச் சொல்றது?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. யாரிடம் சொல்ல?

ஜூன் 8, ஞாயிறு

மகன் பேசினான். வாராவாரம் பேசுவான், கடல் தாண்டியிருந்து. கிளினிக்கை மூடிவிட்டு அங்கே வந்துவிடச் சொன்னான். பார்க்கலாம் என்றேன். அப்புறம் விஷயத்துக்கு வந்தான்.

"குட்டிப் பயலுக்கு ஒரே சளிம்மா. இங்க டாக்டருங்க மருந்தே தர மாட்டேங்கிறாங்க, தானா சரியாயிடும்ங்கிறாங்க. அப்பா குடுப்பாரே சிரப், அதுல ரெண்டு பாட்டில் அனுப்பி வைங்களேன்."

என் வயிற்றில் பிறந்தவன் கேட்கிறான். அந்த ஊர் டாக்டர் யாரோ, அவருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன். அனுப்ப மாட்டேன் என்றேன். அவன் குரல் சுருங்கிவிட்டது. பேச்சு முடிந்தபின் பகல் முழுக்க வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

ஜூன் 12, வியாழன்

இன்று பட்ட அவமானத்தை எழுதியே ஆக வேண்டும்.

மெக்கானிக் ஒருவர் செவ்வாயன்று தன் பெண்ணைக் கூட்டிவந்தார். வைரஸ் காய்ச்சல். மாத்திரை இல்லை என்று அனுப்பினால் போதாது, விசாரிக்கவும் வேண்டும். அப்போதுதான் நம்பிக்கை வரும் என்று ஒரு யோசனை தோன்றியது. (எனக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருந்தது. மறைப்பானேன்.) நேற்று மாலை வீட்டுக்குப் போன் போட்டேன்.

"டாக்டர் பேசறேன். பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

எடுத்தவர் திரும்பி யாரிடமோ "டாக்டராம்" என்றார். பிறகு பின்னால் ஒரு பெண் குரல், "ஐயோ, என்னவாம்?" என்று. நான் சும்மா விசாரிக்கத்தான் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

இன்று காலை மெக்கானிக் வந்து சொல்லித்தான் தெரிந்தது. பெண்ணை வாரிச் சுருட்டிக்கொண்டு நேரே ஊசி டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள். சிக்னல் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் இளம் டாக்டர்தான். யார் போனாலும் ஊசி போடாமல் விடுவதில்லை, அதனால் அந்தப் பெயர். குழந்தைக்கு ஒரு பாட்டில் டிரிப், இரண்டு ஊசி, மூன்று வித மாத்திரை.

"டாக்டருங்க வீட்டுக்குப் போன் பண்ணா நல்லதுக்கா பண்ணுவாங்க?" என்றார் மெக்கானிக். கோபம்கூட இல்லை, நியாயமான கேள்வி.

ஒரு மாத்திரையைத் தவிர்க்கப் போய் ஒரு பெட்டி மருந்தை அந்தக் குழந்தைக்குள் இறக்கியிருக்கிறேன். என் கணவர் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியிருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

யாரும் வரவில்லை. காரணம் சொல்ல மழைகூட இல்லை.

ஜூன் 19, வியாழன்

செய்துவிட்டேன்.

எப்படி என்று எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே வேறு விதமாகத் தோன்றிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு அம்மாள் வந்தார். முக்குக் கட்டடத்தில் தையல் மிஷின் போட்டிருப்பவர். மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல். தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சைக் கேட்டேன், ஒன்றுமில்லை. சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டிய சீட்டு. என் கணவர் கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு.

"சார் எப்பவோ எழுதிக் குடுத்தது. வீட்டுல யாருக்குச் சளின்னாலும் இதைக் காட்டித்தான் வாங்குவோம். இப்ப எழுத்து அழிஞ்சு போச்சு, கடைக்காரருக்குத் தெரியலையாம். அதான் புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க."

செத்துப்போன மனிதர் இன்னும் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்! மற்ற நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் பேசிக்கொண்டே போனார். சார் ஒரு தடவை தன் கடைக்கு வந்து பேன்ட் பொத்தானை நின்றபடியே தைக்கச் சொன்னாராம். தைக்கிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "ஊசின்னா எனக்குப் பயம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னாராம்.

எனக்குத் தெரியாத கதை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாத ஒரு கதை அந்த அம்மாளிடம் இருந்தது. இன்னும் இருக்கும் என்று தோன்றியது. நான் "மாத்திரை தேவையில்லை" என்றால் முகம் சுண்டி எழுந்து போய்விடுவார், அப்புறம் வரமாட்டார்.

பேனாவை எடுத்தேன். அதே மருந்து, அதே அளவு, ஐந்து நாளைக்கு. எழுதிக்கொண்டே, "அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

ஜூன் 23, திங்கள்

தையல்காரம்மாவுக்குச் சரியாகிவிட்டது. சரியாகாமல் எங்கே போகும். மருந்து கொடுத்தாலும் ஒரு வாரம், கொடுக்காவிட்டாலும் ஏழு நாள் என்று நாங்கள் படிக்கும்போதே கிண்டல் செய்வோம். ஆனால் அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "சார் மாதிரியே அம்மாவுக்கும் கைராசி."

இன்று மாலை வராந்தாவில் நாற்காலி போதவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். முகமெல்லாம் பல்.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் கூட்டம். இன்றும் எழுதினேன். தேவையில்லாமலே பாதிப்பேருக்காவது எழுதியிருப்பேன்.

ஜூலை 3, வியாழன்

வருகிற ஒவ்வொருவரும் என் கணவரைக் கொஞ்சம் கொண்டுவருகிறார்கள். லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவர், தன் கல்யாணத்துக்கு அவர் தாமதமாக வந்து பந்தியில் நேரே உட்கார்ந்த கதையைச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட ஆயா, அவர் தன்னை "ஹெட்மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார் என்றார். இருமலும் கதையுமாக மாலை போகிறது. வீட்டுக்கு வந்தால் பசிக்கிறது. ஏழெட்டு மாதத்தில் இப்போதுதான் பசிக்கிறது.

நான் வாங்குகிறேன், அவர்கள் வாங்குகிறார்கள். பண்டமாற்று. எனக்கு ஒரு கதை, அவர்களுக்கு ஒரு அட்டை மாத்திரை.

பஸ் கண்டக்டர் ஒருவர் மறுபடி வந்திருந்தார். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் எரிச்சல். இது நிஜமான கிருமித்தொற்று, மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் திங்களன்று கொடுத்த மாத்திரை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. சிறுநீரை அன்றே என் பழைய லேபுக்கு அனுப்பியிருந்தேன். முடிவு நாளை.

ஜூலை 4, வெள்ளி

லேபிலிருந்து, என்னிடம் வேலை கற்ற பெண் போன் செய்தாள். "மேடம், நீங்களே வந்து பார்த்துடுங்க."

போனேன். அதே நீலக் கதவு, அதே பினாயில் வாடை. தட்டை விளக்கின்மேல் வைத்தாள். கிருமி பரப்பிய தட்டில், ஒவ்வொரு மருந்திலும் ஒரு சின்ன வட்டத் தாளை நனைத்து வைப்போம். மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றி வெறும் இடம் இருக்கும், கிருமி தள்ளி நிற்கும். இந்தத் தட்டில் அநேகமாக ஒவ்வொரு தாளின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மாத்திரையாக விழுங்கக்கூடிய எதற்கும் இடம் விடவில்லை. ஒரே ஒரு தாளைச் சுற்றி மட்டும் வெறுமை. அது ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற மருந்து.

கண்டக்டரிடம் சொன்னேன். நம்பவில்லை. "ஒண்ணுக்குப் போற எரிச்சலுக்கா ஆஸ்பத்திரியில படுக்கணும்? மாத்திரையே இல்லையா டாக்டரம்மா?"

இல்லை என்றேன்.

"நான் உடம்பு விஷயத்துல அலட்சியமே பண்ண மாட்டேனே. லேசா தும்மல் வந்தாலே சார்கிட்ட வந்து மாத்திரை போட்டுடுவேன். வருஷத்துக்கு அஞ்சாறு தடவையாவது போட்டிருப்பேன்" என்றார். பெருமையாகச் சொன்னார். நான் குனிந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

யார் தப்பு? தட்டு எந்த டாக்டர் பெயரையும் சொல்வதில்லை. ஊசி டாக்டராக இருக்கலாம், கடைக்காரரின் ரெண்டு வேளையாக இருக்கலாம், வேறு யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். என் கணவராகவும் இருக்கலாம். அவரா? ஆமா, அவரும்தான். நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அவரும்தான். இப்போ நான். தெரிஞ்சும் செய்யறவ நான். அவருக்காவது அழுகை தாங்காது. எனக்கு என்ன? கதை கேட்க ஆசை, அவ்வளவுதானே?

ஜூலை 9, புதன்

தையல்காரம்மா இன்று தன் பேத்தியோடு வந்தார். வாசலிலேயே மற்றவர்களிடம், "கவலைப்படாதீங்க, அம்மா குடுக்கிற மாத்திரையில ஒரே நாள்" என்று விளம்பரம் வேறு.

குழந்தைக்கு ஒரு வயசுக்கு மேல் இருக்கும். மூக்கு ஒழுகுகிறது, இருமல். ஆனால் என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. காது சரி, நெஞ்சு சரி.

"பால் குடிக்கிறாளா?"

"அதெல்லாம் கேக்கவே வேணாம், வெளுத்துக் கட்டறா."

"அப்ப மருந்து வேண்டாம். மூக்குக்குச் சொட்டு மருந்து மட்டும் போதும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்கலைன்னாலோ எந்த நேரமும் வாங்க."

"எனக்குக் குடுத்தீங்களே?"

இதற்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பெரியவங்களுக்கு வேறு, குழந்தைக்கு வேறு என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் குழந்தை என் ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. பொய் வரவில்லை.

"உங்களுக்கும் அது தேவையே இல்லைங்க. நீங்க சாரைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. இல்லைன்னு சொன்னா எழுந்து போயிடுவீங்கன்னு பயந்து எழுதிட்டேன். அது என் தப்பு."

சொல்லிவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது, வராந்தாவில் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

தையல்காரம்மா முகம் சிவந்துவிட்டது. "அப்ப தேவையில்லாத மருந்தை அஞ்சு நாள் முழுங்கினேனா நான்? வயித்தைக் கலக்கிட்டு ரெண்டு நாள் கடையைத் திறக்கல, அதுவும் சும்மாவா? ஊரெல்லாம் கைராசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

குழந்தையின் கையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். மெதுவாகக்கூட வைக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழ, தூக்கிக்கொண்டு போய்விட்டார். சிக்னல் பக்கமாகத்தான் போனார். ஜன்னலில் பார்த்தேன்.

வயிற்றைக் கலக்கிய விஷயம் எனக்குத் தெரியாது. கூட்டம் வந்த சந்தோஷத்தில் நான் கேட்கவே இல்லை.

மிச்சம் இருந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். தேவைப்பட்ட ஒருவருக்கு எழுதினேன், காதில் சீழ். மற்றவர்களுக்கு இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

டாக்டர்கள் சங்கத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு என்ன? ஆன்டிபயாட்டிக்கை அளவோடு எழுதுவது! யாரைப் பேசக் கூப்பிடுவது என்று தெரிந்துதான் கூப்பிட்டார்களா என்று சிரிப்பு வந்தது. தட்டுகளின் படங்களைக் காட்டினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து சாப்பாடு மேல் மாடியிலா கீழேயா என்று கேட்டார்.

சாப்பிடும்போது ஊசி டாக்டர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவருக்கு ரொம்ப ஜூனியர்.

"அக்கா, நீங்க சொன்னது எல்லாம் சரி. எனக்கும் தெரியும். ஆனா வேண்டாம்னு புரியவைக்க பத்து நிமிஷம் ஆகுது. எழுதிக் குடுக்க அரை நிமிஷம். வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க. நான் குடுக்கலைன்னா அடுத்த கட்டடத்துக்குப் போவாங்க." அப்பளத்தை நொறுக்கினார். "உங்க பேஷன்ட் எல்லாம் இப்ப என்கிட்டதான் வர்றாங்க. தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல. பத்து நிமிஷம் என்கிட்ட நிறைய இருக்கு. வேணும்னா அனுப்புங்க" என்றேன். சிரித்தார். அனுப்பமாட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

கண்டக்டர் டிஸ்சார்ஜ் ஆகி இரட்டை விசில் அடித்துக்கொண்டு பஸ்ஸில் போனார். கையாட்டினேன். பஸ் நிற்கவில்லை. நிற்காது, ஸ்டாப் அங்கே இல்லை.

கிளினிக்கில் ஒன்றிரண்டு பேர். ஒரு அம்மா, குழந்தைக்கு மருந்து இல்லை என்றதும் "அப்பாடா" என்றாள். அப்படியும் இருக்கிறார்கள். ஆனால் அவள் புதிதாகக் குடிவந்தவள், என் கணவரைப் பார்த்ததே இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் வருவதில்லை. சரியானதைத்தான் செய்கிறேன். சரியானதைச் செய்தால் மனசு நிறையும் என்று யார் சொன்னது? வெறும் வயிறு மாதிரி இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அவர் பெயரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அசடு.

மகனிடம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா?

ஜூலை 30, புதன்

மாலை எல்லோரும் போன பிறகும் வராந்தாவில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தையல்காரம்மா. தனியாக.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றேன்.

"யாருக்கும் இல்ல."

உள்ளே வந்து உட்கார்ந்தார். முகத்தில் இன்னும் கோபம் முழுசாகப் போகவில்லை.

"பேத்தியை ஊசி டாக்டர்கிட்டதான் தூக்கிட்டுப் போனேன். மருந்து குடுத்தார். நாலு நாள்ல சரியாயிடுச்சு. அதையும் சொல்லிடறேன்."

"மருந்து இல்லாமலும் சரியாயிருக்கும்."

"இதைத்தான் சொல்லுவீங்கன்னு வரும்போதே தெரியும்."

அவர் மேஜை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல அவ்வளவு கோவம் எனக்கு. நாலு பேர் முன்னாடி என் மூக்கை அறுத்துட்டீங்கன்னு. மிஷின்ல உக்காந்தா மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டேதான் தைப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிக்குது. நான் எழுந்து போயிடுவேன்னு பயந்தேன்னு சொன்னீங்களே."

தலையாட்டினேன்.

"சாரைப் பத்திப் பேசறதுக்கு மாத்திரை எதுக்கு டாக்டரம்மா? வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

அழுதுவிட்டேன். கண் கலங்கியது என்றெல்லாம் நாகரிகமாக எழுத முடியாது. என் கணவர் போன நாளில்கூட இப்படி அழவில்லை. மூக்கு ஒழுக, வாய் கோணி, மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மாள் எழுந்து வந்து முதுகைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சு உருளையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து நீட்டினார்.

"மூக்கைச் சிந்துங்க. இதுக்கும் ஒரு மாத்திரை எழுதிக்காதீங்க" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு.

கதவைப் பூட்டும் வரைக்கும் இருந்தார். சாரைப் பற்றி இரண்டு கதை சொன்னார். ஒன்று நான் ஏற்கெனவே கேட்டது, ஒன்று கேட்காதது. போகும்போது மேஜை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டார், ஓரம் அடித்துத் தருகிறேன் என்று.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேருக்குக் காய்ச்சல். நான்காவது ஆள் சும்மா பேச வந்தவர்.